குழுவில் யாரோ பேசியதற்கு அட்மின் ஜெயிலுக்குப் போக வேண்டுமா?

தென்மாவட்டத்து நகரம் ஒன்றிலிருந்து 61 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மகன் பெங்களூரில், மகள் கோவையில். 1980-இல் தன்னோடு பத்தாம் வகுப்பு முடித்தவர்களை ஊர் ஊராகத் தேடிப் பிடித்து ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறார். இப்போது 112 பேர் இருக்கிறார்கள். காலை ஐந்து மணிக்கு முதல் வணக்கம் அவருடையதுதான். பேரன் காதுகுத்து, யாருக்காவது ரத்தம் வேண்டும் என்ற தகவல், பென்ஷன்காரர்கள் உயிர்வாழ்வுச் சான்று கொடுக்க வேண்டிய தேதி, பழைய கணக்கு வாத்தியார் பற்றிய கதைகள் என்று நாள் முழுக்கக் குழு ஓடும். "என் வீட்டில் இப்போது மனிதக் குரல் கேட்பது அந்த போனில் மட்டும்தான்" என்கிறார்.

போன வருடம், படித்த அரசுப் பள்ளிக்குக் கழிப்பறை கட்டித்தரலாம் என்று முடிவாகி 1,86,000 ரூபாய் வசூலானது. நண்பர் ஒருவர் பொருளாளர். பணம் அவருடைய சொந்த வங்கிக் கணக்குக்குத்தான் போனது. தலைமையாசிரியர் மாறியதில் வேலை தள்ளிப்போனது. ஓர் இரவு இன்னொரு நண்பர், "அத்தனையையும் முழுங்கிட்டான், மக கல்யாணமே நம்ம காசுலதான்" என்று நாலு நிமிட வாய்ஸ் மெசேஜ் போட்டுவிட்டார். வேறு யாரோ பொருளாளரின் முகத்தைப் பெருச்சாளி உடம்பில் ஒட்டி ஸ்டிக்கர் செய்ய, பதினைந்து பேர் சிரித்து வைத்தார்கள்.

அன்றிரவு நம் வாசகர் மகளின் பிரசவத்துக்காகக் கோவையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தார். எது வந்தாலும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவது அவர் பழக்கம். கேட்காமலே அந்த ஆடியோவுக்கும் ஒரு கட்டைவிரல் போட்டுவிட்டார். ஒன்பது மணி நேரம் கழித்துக் கேட்டதும் பதறி, அட்மின் என்ற முறையில் ஆடியோவையும் ஸ்டிக்கரையும் குழுவிலிருந்து நீக்கினார். அதற்குள் அது வேறு இரண்டு குழுக்களுக்குப் போய்விட்டது. பொருளாளர் குழுவை விட்டு வெளியேறிவிட்டார்.

இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது, பேசியவருக்கும் அட்மினுக்கும் சேர்த்து. பதினைந்து நாளில் மன்னிப்பு, பத்து லட்சம் நஷ்டஈடு, தவறினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஏ பிரிவிலும் அவதூறுப் பிரிவிலும் வழக்கு. குழுவைக் கலைத்து போனை ரீசெட் செய்துவிடச் சொல்கிறார் மகன். "முகப்புல 'பதிவுகளுக்கு அட்மின் பொறுப்பல்ல'ன்னு ஒரு வரி எழுதியிருந்தா தப்பிச்சிருக்கலாம்" என்கிறார் ஒரு நண்பர். நான் ஜெயிலுக்குப் போவேனா, எல்லாவற்றையும் அழித்துவிடலாமா, குழுவை மூடிவிடலாமா என்று கேட்கிறார் இவர்.

அன்புள்ள ஐயா,

முதலில் இன்றிரவு தூங்குங்கள். நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களை வைத்துப் பார்த்தால் ஜெயில் என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை. நோட்டீஸை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

உங்களை அதிகம் பயமுறுத்தியது 66ஏ என்று தெரிகிறது. போனிலோ கம்ப்யூட்டரிலோ புண்படுத்தும் செய்தி அனுப்பினால் தண்டிக்க வைத்திருந்த பிரிவு அது. அந்தப் பிரிவு இன்று உயிரோடு இல்லை. 2015 மார்ச்சில் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை அரசமைப்புக்கு முரணானது என்று ரத்து செய்தது. அதற்குப் பிறகும் சில இடங்களில் அதே பிரிவில் வழக்குப் போட்டுக்கொண்டே இருந்ததால், 66ஏ-யின் கீழ் இனி யார் மீதும் வழக்கு நடத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. பத்து வருடத்துக்கு முன் செத்த பிரிவு உங்கள் நோட்டீஸில் எப்படி வந்தது? கம்ப்யூட்டரில் கிடக்கும் பழைய நோட்டீஸில் பெயரையும் முகவரியையும் மாற்றி பிரிண்ட் எடுத்திருப்பார்கள். எங்கள் வக்கீல் தொழிலில் இது நடக்கிறதுதான், மறைப்பானேன்.

மிஞ்சுவது அவதூறு. அதைக் கொஞ்சம் விவரமாகவே பார்க்க வேண்டும்.

அட்மின் பத்திரிகை ஆசிரியர் இல்லை

"குழுவில் எது வந்தாலும் அட்மினைத்தான் பிடிப்பார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நம்பிக்கை சும்மா வந்ததல்ல. 2017-இல் வாரணாசியில் மாவட்ட ஆட்சியரும் காவல் துறையும் சேர்ந்து, வதந்தி பரவினால் குழு அட்மின் மீதும் நடவடிக்கை என்று ஓர் உத்தரவு போட்டார்கள். அந்தச் செய்தி நாடு முழுக்கச் சுற்றியது, இன்றைக்கும் தேதியில்லாமல் ஃபார்வர்டாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. நீதிமன்றங்கள் அந்த வழியில் போகவில்லை என்ற செய்திதான் அந்த அளவுக்குச் சுற்றவில்லை.

2021 மார்ச்சில் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை இதைத் தெளிவாகச் சொன்னது. அட்மினால் ஆளைச் சேர்க்க முடியும், நீக்க முடியும். ஒருவர் என்ன போடப்போகிறார் என்பதை முன்கூட்டியே பார்த்துத் தடுக்க அவரால் முடியாது. போட்டவரும் அட்மினும் முன்பே பேசிவைத்துக்கொண்டு செய்தார்கள் என்று காட்டினால் தவிர, உறுப்பினர் போட்டதற்கு அட்மின் குற்றவாளி ஆகமாட்டார். 2022 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றமும் இதே முடிவுக்கு வந்தது.

உங்களுக்கு இன்னும் நெருக்கமான தீர்ப்பு நான் வழக்காடும் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையிலேயே இருக்கிறது. கரூர் வழக்கறிஞர்கள் வாட்ஸ்அப் குழு ஒன்றில் ஒருவர் போட்ட பதிவுக்காக, அட்மினாக இருந்த வழக்கறிஞர் மீதும் வழக்குப் பதிவானது. (வக்கீல் குழுவுக்கே இந்தக் கதி என்றால் பாருங்கள்.) 2021 டிசம்பரில் நீதிமன்றம் காவல் துறைக்குச் சொன்னது இதுதான்: இவர் அட்மினாக இருந்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை என்று விசாரணையில் தெரிந்தால், இறுதி அறிக்கையிலிருந்து இவர் பெயரை எடுத்துவிட வேண்டும்; வேறு ஆதாரம் கிடைத்தால் அது வேறு விஷயம்.

அந்தக் கடைசி வரியையும் கவனியுங்கள். அட்மின் என்ற பட்டம் உங்களைக் குற்றவாளி ஆக்காது, ஆனால் நீங்கள் தனியாகச் செய்த எதிலிருந்தும் அது காப்பாற்றவும் செய்யாது. இன்னொன்று, இவை எல்லாம் குற்ற வழக்குகளில் வந்த தீர்ப்புகள். நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போடுகிறவர் உங்களையும் ஒரு பிரதிவாதியாகச் சேர்த்துவிட முடியும். ஜெயிக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். ஆனால் நீங்கள் வக்கீல் வைத்துப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

'அட்மின் பொறுப்பல்ல' என்ற வரி பற்றி: சைக்கிள் ஸ்டாண்டில் 'பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று எழுதி வைத்திருப்பார்களே, அதே ரகம். பொறுப்பு இல்லாத இடத்தில் அந்த வரி தேவையே இல்லை. பொறுப்பு இருக்கிற இடத்தில் அது ஓடாது.

அந்தக் கட்டைவிரல்

கடிதத்தில் நீங்கள் மிகவும் வெட்கத்தோடு எழுதியிருக்கும் பகுதி இது. "கேட்காமலே லைக் போட்டேன் என்றால் எந்த நீதிபதி நம்புவார்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நம்பிய நீதிபதிகள் இருக்கிறார்கள். 2018-இல் மேகாலயாவில் ரயில்வே பாதுகாப்புப் படை அதிகாரி ஒருவர் கொல்லப்பட்டார். அந்தச் செய்தி படையினரின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது காவலர் ஒருவர் கட்டைவிரல் படம் போட்டார். கொலையைக் கொண்டாடுகிறார் என்று சொல்லி அவரை வேலையிலிருந்தே நீக்கிவிட்டார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. கட்டைவிரல் படத்தை 'சரி' என்ற சொல்லுக்குப் பதிலாகவும் போடுவார்கள், செய்தியைப் பார்த்துவிட்டேன் என்பதற்கு மேல் அதில் எதையும் ஏற்றிப் படிக்க வேண்டியதில்லை என்று 2024-இல் இரு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. சம்பவம் 2018, தீர்ப்பு 2024 என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் விஷயத்தில் ஆஸ்பத்திரி பில்லில் தேதி இருக்கும், குழந்தை பிறந்த நேரம் இருக்கும். ஒரே மாதத்தில் எத்தனை நூறு பதிவுகளுக்கு அதே கட்டைவிரலைப் போட்டிருக்கிறீர்கள் என்பது அந்த போனிலேயே இருக்கிறது. இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

ஆனால் ஃபார்வர்ட் செய்வது வேறு கதை. பிரபல நடிகர் ஒருவர் முகநூலில் பகிர்ந்த பதிவு தொடர்பாக 2018-இல் அவருடைய முன்ஜாமீன் மனு வந்தபோது, ஒரு செய்தியைப் பகிர்வது அதை ஏற்று வழிமொழிவதற்குச் சமம் என்றே சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. நீங்கள் அந்த ஆடியோவை யாருக்கும் அனுப்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. மகனுக்குக்கூட அனுப்பவில்லையே? "என்ன பண்றதுன்னு பாருப்பா" என்று அனுப்பியிருந்தால் அதை உங்கள் வக்கீலிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஆலோசனை கேட்டு மகனுக்கு அனுப்பியதைத் தப்பாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அது எதிர்த்தரப்பு வாயிலிருந்து முதலில் வரக் கூடாது.

எதையும் அழிக்காதீர்கள்

உங்கள் மகன் பாசத்தில் சொல்கிறார். ஆனால் அவர் சொன்னதிலேயே ஆபத்தான யோசனை இதுதான். நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு போனை ரீசெட் செய்தால், ஆதாரமாகப் பயன்படக்கூடியதை வேண்டுமென்றே அழித்ததாகக் குற்றம்சாட்ட இடம் கொடுக்கிறீர்கள். மின்னணுப் பதிவை அப்படி அழிப்பது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 241-ஆம் பிரிவில் தனிக் குற்றமாகவே இருக்கிறது. இல்லாத குற்றத்துக்குப் பயந்து இருக்கிற குற்றத்தில் போய் விழ வேண்டுமா? தவிர, 112 போன்களில் ஒன்றை அழித்து என்ன ஆகப்போகிறது? அழிவது உங்களுக்குச் சாதகமான பகுதி மட்டும்தான்: நீங்கள் எப்போது பார்த்தீர்கள், எப்போது நீக்கினீர்கள், "இப்படிப் பேசாதீங்கப்பா" என்று எப்போது எழுதினீர்கள் என்பது.

ஆடியோவைக் குழுவிலிருந்து நீக்கியது இந்த வகையில் சேராது. மேலும் பரவாமல் தடுக்கச் செய்தது அது. அதை மறைக்காமல் பதில் நோட்டீஸிலேயே நேரத்தோடு சொல்லலாம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். குழுவின் உரையாடலை வாட்ஸ்அப்பில் இருக்கும் எக்ஸ்போர்ட் வசதி மூலம் உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். ஸ்க்ரீன்ஷாட் மட்டும் போதாது, அதைத் திருத்தியது என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி, மின்னணு ஆதாரத்தை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது ஒரு சான்றிதழும் சேர்த்துத் தர வேண்டும். அதில் ஒரு பகுதியைக் கொடுப்பவரும் இன்னொரு பகுதியை வல்லுநரும் நிரப்ப வேண்டும். வாட்ஸ்அப் உரையாடல் செல்லுமா என்று கேட்டீர்கள். அந்தச் சான்றிதழோடு வந்தால் செல்லும். அது உங்களுக்கும் பொருந்தும், அவருக்கும் பொருந்தும்.

போலீஸ் வந்தால்?

அவதூறு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு. உச்சபட்சம் இரண்டு ஆண்டு வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. காவல் நிலையத்தில் புகார் கொடுத்தவுடன் எஃப்ஐஆர் போட்டு ஆளைத் தூக்கும் வகைக் குற்றம் இல்லை இது. நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்தின் உத்தரவில்லாமல் போலீஸ் இதில் புலன்விசாரணையே செய்ய முடியாது. பாதிக்கப்பட்டவர் நேராக நடுவரிடம் தனிப் புகார் கொடுக்க வேண்டும். புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 223-ஆம் பிரிவுப்படி, அந்தப் புகாரைக் கோப்பில் எடுப்பதற்கு முன்பே உங்கள் தரப்பைக் கேட்டாக வேண்டும். அப்படியே வழக்கானாலும் ஜாமீனில் விடக்கூடிய குற்றம். இரு தரப்பும் சமரசமாகி முடித்துக்கொள்ளவும் சட்டமே இடம் தருகிறது.

நடைமுறையில் என்ன நடக்கும் என்றால், ஸ்டேஷனில் மனுவை வாங்கி, மனு வந்ததற்கான சிஎஸ்ஆர் ரசீது போட்டுவிட்டு, "சார், ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்று போன் வரும். அந்த போனுக்கு அலற வேண்டாம். விவரம் தெரிந்தவர் என்ற முறையில் விசாரிக்க வேண்டுமானால், 60 வயதைத் தாண்டியவரை அவர் வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். முன்பு 65 என்றிருந்ததைப் புதிய சட்டம் 60 ஆக்கியிருக்கிறது. உங்களுக்கு 61. மரியாதையாகவே சொல்லலாம்: "வயசாச்சுங்க, வீட்டுக்கு வாங்க, காபி சாப்பிட்டுக்கிட்டே பேசலாம்." மூன்று ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்தில் 60 வயதுக்கு மேற்பட்டவரைக் கைது செய்ய டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதியும் வேண்டும்.

பத்து லட்சம் என்ற தொகையைப் பார்த்தும் மலைக்க வேண்டாம். நோட்டீஸில் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம், அதற்குக் காசில்லை. வழக்காகப் போடும்போது தமிழ்நாட்டில் கேட்கும் தொகைக்கு 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். பத்து லட்சத்துக்கு முப்பதாயிரம். அப்போது தொகை தானாக இளைக்கும். சிவில் வழக்கை, பேசிய நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் போட வேண்டும்.

ஆனாலும் நோட்டீஸுக்குப் பதில் கொடுங்கள். பதினைந்து நாள் என்பது அவர்கள் வைத்த கெடு, சட்டம் வைத்ததல்ல. அதற்காகப் பேசாமல் இருந்துவிட்டால் "பதிலே சொல்லவில்லை, அப்படியானால் ஒப்புக்கொண்டார்" என்று பிற்பாடு வாதாடுவார்கள். ஒன்றரைப் பக்கம் போதும். நீங்கள் அந்தக் கருத்தைச் சொல்லவில்லை, ஏற்கவில்லை, தெரிந்தவுடன் நீக்கினீர்கள், அவருக்கு ஏற்பட்ட மனவருத்தத்துக்கு வருந்துகிறீர்கள். வருந்துவது வேறு, குற்றத்தை ஒப்புக்கொள்வது வேறு. அந்த வாக்கியத்தை வக்கீல் எழுதட்டும். பேசிய நண்பரோடு சேர்ந்து ஒரே வக்கீலிடம் போகாதீர்கள். "செலவு பாதியாகும்" என்று அவர் கூப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நிலையும் அவர் நிலையும் ஒன்றில்லை. ஒரே பதிலில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால், நீங்களே உங்களை அவரோடு சேர்த்துக் கட்டிக்கொள்கிறீர்கள்.

பேசிய நண்பர் "உண்மையைச் சொன்னால் அவதூறு ஆகாது" என்று தைரியமாக இருக்கிறாராம். பாதி சரி. சிவில் வழக்கில் உண்மை என்று நிரூபித்தால் தப்பிக்கலாம். குற்ற வழக்கில் உண்மையாகவும் இருக்க வேண்டும், பொது நன்மைக்காகச் சொன்னதாகவும் இருக்க வேண்டும். "கணக்கு எங்கே?" என்று கேட்டிருந்தால் யாரும் அவரை ஒன்றும் செய்ய முடியாது, பணம் போட்டவருக்கு அந்த உரிமை உண்டு. மகள் கல்யாணத்தை இழுத்தது எந்தப் பொது நன்மையில் சேரும் என்று அவர்தான் நடுவரிடம் விளக்க வேண்டும்.

அந்த 1,86,000 ரூபாய்

நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். என் கணக்கில் உங்களுக்கு உண்மையான சிக்கல் ஆடியோவில் இல்லை, இங்கேதான் இருக்கிறது. பணம் கேட்டுக் குழுவில் வேண்டுகோள் போட்டது நீங்கள். "நம்பி அனுப்புங்கள், நான் பொறுப்பு" என்று எழுதியதாக நீங்களே சொல்கிறீர்கள். அது அட்மின் வேலை இல்லை, நீங்கள் கொடுத்த வாக்கு. நாளைக்குப் பணம் போட்ட 40 பேரில் ஒருவர் அதைத் திருப்பிக் கேட்டால் உங்கள் பெயரும் அதில் வரும்.

பணம் எங்கேயும் போயிருக்காது என்று நீங்கள் நம்புகிறீர்கள். கடிதத்தைப் படித்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் பொதுப் பணத்தை ஒருவருடைய சொந்தக் கணக்கில் வைத்தது தப்பு. அதில் பொருளாளர் மட்டுமல்ல, எல்லோருக்கும் பங்கு உண்டு. அவருக்கு நிழலில்லாமல் வெயிலில் நிற்கிற வேலையைக் கொடுத்துவிட்டு, கறுத்துவிட்டான் என்று சிரித்திருக்கிறார்கள். இனி வசூல் என்றால் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்கிற கூட்டுக் கணக்கு வையுங்கள், மாதம் ஒருமுறை பாஸ்புக் பக்கத்தைக் குழுவில் போடுங்கள். அரசுப் பள்ளி என்பதால் நீங்களே கொத்தனாரை வைத்துக் கட்டிவிடவும் முடியாது. தலைமையாசிரியரையும் பள்ளி மேலாண்மைக் குழுவையும் பாருங்கள். முன்னாள் மாணவர்கள் உதவி செய்வதற்கென்றே 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்ற திட்டத்தை அரசு 2022-இல் தொடங்கியது. அதன் வழியாகப் பணம் போனால் ரசீது இருக்கும், யார் வாயையும் அடைக்க வேண்டியிருக்காது.

குழுவை மூடலாமா?

மூடலாம், சட்டத்தில் தடையில்லை. ஆனால் இப்போது மூடாதீர்கள். நோட்டீஸ் வந்த வாரத்தில் மூடினால் ஓடி ஒளிந்த மாதிரி இருக்கும். அது ஒரு காரணம். இன்னொரு காரணம் சட்டப் புத்தகத்தில் இல்லை. ஐந்து மணி வணக்கம் நின்றுபோனால் அந்த ஐந்து மணியை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்வீர்கள்? மகனுக்கு அது ஓர் ஆப். அவருக்கு ஆபீஸ் இருக்கிறது, மீட்டிங் இருக்கிறது, சனிக்கிழமை இருக்கிறது. ஓய்வு பெற்றவருக்கு எல்லா நாளும் சனிக்கிழமைதான் என்பது 35 வயதுக்காரருக்குப் புரியாது, புரிய வேண்டியதும் இல்லை.

குழுவை வைத்துக்கொண்டே சில்லறை மாற்றங்கள் செய்யலாம். இன்னும் இரண்டு பேரை அட்மின் ஆக்குங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். நீங்கள் ஊரில் இல்லாத இரவில் யாராவது விழித்திருப்பார்கள். சண்டை மூண்டால் 'அட்மின்கள் மட்டும் பதிவிடலாம்' என்ற செட்டிங்கை ஒரு நாள் போட்டு வையுங்கள். பெரும்பாலான கோபம் காலை டிபனுக்குள் ஆறிவிடும். அட்மின் அடுத்தவர் பதிவை நீக்கும் வசதி 2022-இல்தான் வந்தது, பல அட்மின்களுக்கு இன்றும் அது தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருந்தது, பயன்படுத்தினீர்கள். அப்புறம் அந்தக் கட்டைவிரல். கேட்டுவிட்டுப் போடுங்கள் ஐயா.

அவரோடு பேசலாமா?

நான்கு பக்கத்தில் மூன்றாம் பக்கத்தின் அடியில் பாதி வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனைவி கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது இரண்டு இரவு உங்களோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர் இந்தப் பொருளாளர்தான் என்று. அடுத்த வரியிலேயே மறுபடி 66ஏ-க்குப் போய்விட்டீர்கள்.

ஆடியோ வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. நீங்கள் அதை நீக்கினீர்கள், குழுவில் கண்டித்தீர்கள், எல்லாம் சரி. அவருக்கு ஒரு போன்கூடப் பண்ணவில்லை. முதல் வாரம் சங்கடத்தில் பண்ணவில்லை. பிறகு நோட்டீஸ் வந்துவிட்டது, "இனி பேசினால் சட்டப்படி தப்பாகிவிடுமோ" என்று பண்ணவில்லை. அந்த நோட்டீஸில் உங்கள் பெயரைச் சேர்க்கச் சொன்னது அவர் வக்கீலா, அவர் காத்திருந்த அந்த மூன்று வாரமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

பேசினால் தப்பாகாது. எதிர்த்தரப்புக்கு வக்கீல் இருக்கும்போது அவரோடு நேரடியாகப் பேசக் கூடாது என்ற கட்டுப்பாடு எங்களுக்குத்தான், வக்கீல்களுக்கு. வழக்கின் கட்சிக்காரர்கள் இருவர் பேசிக்கொள்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. போகும் முன் உங்கள் வக்கீலிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். போனில் வேண்டாம், குழுவில் வேண்டவே வேண்டாம். நேரில் போங்கள். பத்து லட்சம், நோட்டீஸ், யார் மேல் தப்பு என்ற பேச்சை எடுக்காதீர்கள். அவர் எடுத்தால் "அதை வக்கீல்கள் பார்க்கட்டும், நான் உன்னைப் பார்க்க வந்தேன்" என்று சொல்லுங்கள். அவர் கதவைத் திறக்காமலும் போகலாம். திட்டவும் செய்யலாம், அதற்கும் தயாராகப் போங்கள்.

பேச்சு சுமுகமாகப் போனால், உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். வழக்குப் போடுவதற்கு முந்தைய நிலையிலேயே லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்தில் வைத்து முடித்துவிடுவார்கள். கட்டணம் கிடையாது, அங்கே ஆகும் முடிவு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், அதற்கு மேல் அப்பீலும் இல்லை. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டால் எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள். பேசிய நண்பரையும் அங்கே கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். மன்னிப்பு அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும், குழுவில் வர வேண்டும், எழுத்தில் வர வேண்டும். 112 பேர் காதில் விழுந்ததைத் தனியாகப் போய் காலில் விழுந்து சரிக்கட்ட முடியாது.

நோட்டீஸ் வந்த உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதன் மேல் இருக்கும் அஞ்சல் முத்திரைத் தேதி வக்கீலுக்குத் தேவைப்படும். நண்பர் வீட்டுக்குப் போகும்போது போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். மேசையில் போன் கிடந்தால், பேசுவதைப் பதிவு செய்கிறீர்களோ என்று அவர் கண் அதிலேயே இருக்கும்.